பரிசு டப்பாவுக்குப் போட்ட கையெழுத்து

ஆடிட்டர் அலுவலகத்தில் கம்பெனிக் கோப்புகளுக்கு ஏசி அறை உண்டு. சங்கக் கோப்புகள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பீரோவில் கிடக்கும். தாம்பரம் பக்கம் நான் வேலை பார்த்த இடத்தில் அந்த பீரோ என் பொறுப்பு. குடியிருப்போர் நலச் சங்கங்கள், ஓய்வூதியர் சங்கங்கள், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கல்வி உதவிச் சங்கம், ஒரு சபா. ஃபீஸ் குறைவு, அலைச்சல் அதிகம் என்பதால் அதை எனக்கு யாரும் போட்டியாகக் கேட்டதில்லை.

மார்ச் கணக்கு முடிந்ததும் ஆள் வருவார். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரே ஆள்தான், வருடா வருடம் அவரேதான். பெரும்பாலும் செயலாளர். தலைவர் ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொள்வார். பொருளாளர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்ன சொல்கிறதென்றால், நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதே ஆட்கள் திரும்பத் தேர்ந்தெடுக்கப்படலாம். அதனால் ‘ஏகமனதாக’ என்ற வார்த்தைக்கு எங்கள் பீரோவில் குறைவே இல்லை.

அப்படி ஒரு நகர்ச் சங்கம். சொந்தமாக சமூகக் கூடம் இருந்தது. காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வாடகை வந்துகொண்டே இருக்கும். வாடகைக் கணக்கைப் பொதுக்குழுவில் யாரோ கேட்க, ‘ஆடிட் முடியட்டும்’ என்று செயலாளர் சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் அதே பதில். அப்புறம் பொதுக்குழுவே நடக்கவில்லை. ஆனால் நடந்ததாக எங்களிடம் தீர்மான நகல் வந்தது, வருகைக் கையெழுத்துகளோடு.

உறுப்பினர்கள் சிலர், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான காகிதங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கினார்கள். பணம் கட்டினால் யாரும் வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது. அந்த நகலை எடுத்துக்கொண்டு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கையெழுத்துதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் சின்னதாக ‘2’ என்று இருந்தது. அவருக்கு மேலே இருந்தவர் பெயரிலும் ‘1’. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துவிட்டார். பொங்கலுக்குச் சங்கத்தில் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். அவர் தன் வீட்டுக்கு ஒன்று, ஊருக்குப் போயிருந்த எதிர்வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாளின் தலைப்பை மறைத்து, ‘பேரவைக் கூட்டத்துக்கு (அதாவது பொதுக்குழுவுக்கு) வருகை தந்தோர்’ என்று மேலே ஒட்டி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஒட்டிய விளிம்பு நகலில் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது போலீஸ் புகார், இல்லாவிட்டால் போட்டிச் சங்கம். அவர்களும் புதுச் சங்கத்துக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஆடிட்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கூடம் யார் பேரில் இருக்கு? பேங்க் கணக்கு யார் பேரில் இருக்கு?” இரண்டும் பழைய சங்கத்தின் பெயரில். வெளியே போனால் கொடியும் கோபமும்தான் கூட வரும், சொத்து வராது.

சரி, உள்ளேயே இருந்து என்ன செய்வது? அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டும். சிக்கலே அங்கேதான். சந்தா வசூலிக்க யாரும் வருவதில்லை. வராமலே இருந்துவிட்டு, தேர்தல் வந்ததும் ‘பாக்கிதாரருக்கு ஓட்டில்லை’ என்று சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியைக் காட்டுவது பழைய உத்தி. வேறு சங்கக் கோப்புகளிலும் பார்த்திருக்கிறேன். எனவே ஒவ்வொருவரும் பாக்கியைச் சங்கக் கணக்குக்கே நேராக அனுப்பி, இன்ன வருடத்துச் சந்தா என்று பதிவுத் தபாலில் செயலாளருக்குக் கடிதமும் போட்டார்கள். தெருத் தெருவாகப் போய் இதைச் செய்ய வைத்தது டீச்சரும், இஸ்திரி வண்டி வைத்திருந்த ஓர் உறுப்பினரும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது இஸ்திரிக்காரருக்குச் சங்கப் பதிவேட்டைவிடச் சரியாகத் தெரியும்.

அதன் பிறகு, துணைவிதி கேட்கும் எண்ணிக்கையில் கையெழுத்து வாங்கி, சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லி மனு. பதில் இல்லை. அடுத்து மாவட்டப் பதிவாளருக்கு மனு. சட்டத்தின் 36-ஆம் பிரிவில், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் கேட்டால் சங்கத்தின் நிர்வாகத்தையும் நிதிநிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு என்பது காகிதத்தில் சின்ன எண். வாசலில் நின்று கேட்கும்போதுதான் அதன் கனம் தெரியும். “நான் உங்க பக்கம்தான், கையெழுத்து மட்டும் வேண்டாம்” என்று சொன்னவர்களை வைத்தே தனியாக ஒரு சங்கம் பதிவு செய்திருக்கலாம்.

விசாரணைக்கு அழைப்பு வந்ததும் செயலாளர் கூட்டம் கூட்ட ஒப்புக்கொண்டார். தேர்தல் நடந்தது, புதுக் குழு வந்தது. எல்லாரும் இனிப்பு சாப்பிட்டார்கள். மறுவாரம் வங்கிக் கணக்கு முடங்கியது. தேர்தல் செல்லாது என்று பழைய தரப்பு வங்கிக்கு ஒரு கடிதம், நாங்கள்தான் நிர்வாகிகள் என்று புதுத் தரப்பு ஒரு கடிதம். இரண்டு கடிதம் வந்தால் வங்கி மேலாளர் எந்தப் பக்கமும் சாயமாட்டார், கணக்கை நிறுத்திவிடுவார். அவர் கேட்டது நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7, பதிவாளர் கோப்பில் ஏற்கப்பட்ட நகலோடு. அது கைக்கு வரும்வரை கூடத்துக் கரண்ட் பில்லையும் வாட்ச்மேன் சம்பளத்தையும் புதுப் பொருளாளர் தன் பென்ஷனிலிருந்து கட்டினார். நல்லவேளையாகப் பழைய தரப்பு நீதிமன்றம் போகவில்லை. யார் உண்மையான குழு என்ற சண்டையைப் பதிவாளர் தீர்த்துவைக்க முடியாது, அது சிவில் கோர்ட் விவகாரம். போயிருந்தால் வருடக்கணக்கு.

எவ்வளவு வருடம் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் தென்னிந்திய நடிகர் சங்கம். சென்னை அபிபுல்லா சாலையில் உள்ள சங்க இடத்து ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்டுக் கிளம்பிய அணி 2015 அக்டோபரில் ஜெயித்தது. டிவியில் காட்டியதெல்லாம் நட்சத்திர முகங்கள்; ஆனால் அந்தச் சங்கத்து ஓட்டில் பெரும் பங்கு மாவட்டங்களில் இருக்கும் நாடக நடிகர்களுடையது, இரண்டு அணிகளும் ஊர் ஊராகப் போனது அவர்களைத் தேடித்தான். அடுத்த தேர்தலின் ஓட்டு 2019 ஜூனில் விழுந்தது. வழக்கு முடிந்து எண்ணியது 2022 மார்ச்சில். அதுவரை ஓட்டுப்பெட்டிகள் வங்கி லாக்கரில் இருந்தன. அத்தனை பிரபலங்கள் இருந்த இடத்திலேயே அந்தக் கதி.

நகர்ச் சங்கத்துக்கு வருகிறேன். பழைய செயலாளரைத் திருடன் என்று சொல்லவே எல்லாருக்கும் ஆசை. நான் பார்த்த கணக்கில் ரசீது இல்லாத செலவு நிறைய இருந்தது. சட்டைப்பைக்குப் போனதாக நிரூபிக்க எதுவும் இல்லை. மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் லாரி, நள்ளிரவில் ஃபியூஸ் போட வந்தவருக்குக் கொடுத்தது என்று அவர் டைரியில் கிறுக்கியிருந்தார். கேட்க ஆளில்லாத இடத்தில் ரசீது எதற்கு என்று விட்டிருக்கிறார். அப்புறம் கேட்பவர்களே எதிரிகளாகத் தெரிந்திருக்கிறார்கள். டப்பாத் தாளை ஒட்டியதற்கு இது நியாயமாகாது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வளைகாப்பு வீட்டுக்காரருக்குக் கூடத்தைத் திறந்துவிட்டவர் பல வருடம் அவர் ஒருவர்தான். இதைப் புதுக் குழு முதல் முகூர்த்த மாதத்திலேயே கண்டுகொண்டது. சாவியை வாரம் ஒருவர் என்று முறை வைத்தார்கள். மூன்றாவது வாரத்துக்காரர் அலாரம் வைக்க மறந்து, மேளக்காரர்களும் சமையல்காரர்களும் தெருவில் நின்றார்கள். பிறகு இஸ்திரிக்காரரிடமே சாவியைக் கொடுத்து, அதற்கு மாதம் ஒரு தொகை என்று தீர்மானம் போட்டார்கள். குழுவில் இருப்பவருக்குச் சம்பளமா என்று அதற்கும் ஒரு சண்டை. அவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். எனக்கு அது நஷ்டமாகத்தான் பட்டது.

டீச்சர் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். உறுப்பினர் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்து, பெயரும் சந்தா கட்டிய தேதியும் மட்டும் தெரிகிற மாதிரி, கூடத்து நோட்டீஸ் பலகையில் மாட்டிவிட்டார். வாடகை ரசீதின் எண்களும் மாதக் கடைசியில் அதே பலகையில் வரும். எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது.

அடுத்த பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், சேரவில்லை. அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே இடத்தில், வந்தவர்களை வைத்து நடத்தினார்கள். துணைவிதியில் அதற்கு வழி இருந்தது. கணக்கு வாசிக்க நான் போயிருந்தேன். முன்வரிசையில் பழைய செயலாளர். ஜெனரேட்டர் டீசல் செலவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள், பொருளாளரிடம் ஒன்றுக்குத்தான் பதில் இருந்தது.