148 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ரைபிள்: ஆறு மாதக் குறிப்புகள்

முதல் நாள் கிளப்பில் என் கையில் கொடுத்த ரைபிளின் பின்கட்டை தோளில் உட்காரவே இல்லை. நழுவி வந்து மேற்கையின் சதையில் நின்றது. டிரிகரை எட்டுவதற்குள் வலது முழங்கை நீண்டுவிட்டது. கழுத்தை முன்னால் நீட்டினால்தான் கண் சைட்டுக்கு, அதாவது குறிபார்க்கும் துளைக்கு, போனது. பக்கத்து லேனில் இருந்த கல்லூரி மாணவர் அதே ரைபிளை வாங்கி, தோளில் வைத்து, மூச்சு விடுவதற்குள் நேராக நின்றார். அவர் உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. நான் 148 செ.மீ., எடை 43 கிலோ, வயது 36.

2025 ஏப்ரலில் மதுரையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகத் தொடங்கினேன். என்னைப் போலச் சிறிய உடம்புள்ளவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "கனம் குறைவாகப் பார்த்து வாங்குங்கள்." நானும் அப்படித்தான் தேடினேன். இந்த ஆறு மாதத்தில் என்னைத் திணறவைத்தது நீளமும், கனம் எந்த இடத்தில் விழுகிறது என்பதும்தான். தராசு காட்டும் எண் அதற்குப் பின்னால்தான் வந்தது. அளவு எடுத்த நோட்டுப் புத்தகம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரம் பழகியது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் ரைபிளில். ஒவ்வொரு குண்டுக்கும் குழலைப் பிடித்துக் கீழே வளைக்க வேண்டும். பெரிய கைக்கு அது ஒரு வேலையே இல்லை. நான் பின்கட்டையைத் தொடையில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் அழுத்துவேன். இருபது குண்டு தாண்டும்போது இடது தோள் நடுங்கும். அந்த நடுக்கம் அடங்குவதற்குள் அடுத்த குண்டு. போதாததற்கு, ஸ்பிரிங் விடுபடும்போது குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் முன்னும் பின்னும் உதறுகிறது. இலக்குக் கார்டில் பத்துக்கு ஏழு விழுந்தால் அது என் தவறா, உதறலின் வேலையா என்று புதியவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைவிட மோசமான குழப்பம் இருக்க முடியாது. உடல் பலம் குறைவானவர்கள் முடிந்தவரை சீக்கிரம் காற்றுச் சிலிண்டர் ரைபிளுக்கு மாறிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துவிட்டால், பிறகு ஒரு சிறு நெம்புகோலைத் திறந்து பெல்லட்டை, அதாவது குண்டை, வைத்து மூடினால் போதும். ஆள்காட்டி விரலின் பலமே அதற்கு அதிகம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது லைசென்ஸ் பற்றி. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்றின் நகல் கொடுக்க வேண்டும். போட்டி ரைபிள்கள் இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கின்றன: சுமார் 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் அளவில் போகிறது, கணக்குப் போட்டால் ஏழரை ஜூல்தான். அதற்காக இது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. சுடாத நேரத்தில் குழலுக்குள் பாதுகாப்பு நாடா செருகியிருக்க வேண்டும், முனை எப்போதும் டார்கெட் பக்கம்தான். பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை.

மே மாதம் ஒரு மூத்த உறுப்பினர் தன்னுடைய ஜெர்மன் ரைபிளைப் பழகக் கொடுத்தார். மரக் கட்டை, அருமையான டிரிகர். பெட்டி தொங்கவிடும் தராசில் 4.7 கிலோ. போட்டி விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம் என்பதால் அது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் என் இடுப்பு வலித்தது. கனம்தான் காரணம் என்று நினைத்து ரைபிளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

கிளப்பின் பயிற்சியாளர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னை நிறுத்தினார். "பின்கட்டையை முழங்கை மடிப்பில் வையுங்கள் அம்மா. விரல் எங்கே வருகிறது, பாருங்கள்."

விரல் டிரிகரை எட்ட இன்னும் நாலு விரற்கடை இருந்தது. தையல் டேப்பால் அளந்தோம். டிரிகரில் இருந்து பட் பிளேட் (தோளில் படும் பின்தகடு) வரை 34 செ.மீ. என் கைக்கு வேண்டியது 28.5. அந்த ஐந்தரை சென்டிமீட்டர்தான் என் இடுப்பை வலிக்கவைத்தது. கட்டை நீளமாக இருந்தால் ரைபிள் முழுவதும் உடம்பை விட்டு முன்னால் போகிறது. அதைத் தாங்க இடது கை முன்னால் போகும், முழங்கை இடுப்பெலும்பை விட்டு விலகும், முதுகு பின்னால் வளைந்து ஈடுகட்டும். எலும்பு சுமக்க வேண்டியதைத் தசை சுமக்கும். "கனம் என்று நீங்கள் சொல்வது நீளத்தை" என்றார் அவர். அன்றைய நோட்டில் இந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது.

அடுத்து, எல்லாரும் சொன்ன ஜூனியர் ரைபிள். 3.3 கிலோ, கட்டை குட்டை. கையில் எடுத்ததும் சந்தோஷமாக இருந்தது. முதல் பத்து குண்டு நன்றாகவே விழுந்தன. அதற்குப் பிறகு கவனித்தேன்: முன்சைட்டின் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் துடித்துக்கொண்டே இருந்தது. உற்றுப் பார்த்தால் அது என் நாடித் துடிப்பு. கனமான ரைபிள் இதயத் துடிப்பை விழுங்கிவிடும். லேசான ரைபிள் அதை அப்படியே குழல் முனைக்குக் கொண்டு போய்விடும். டார்கெட்டின் கறுப்பு 30.5 மி.மீ., பத்தின் புள்ளி வெறும் அரை மி.மீ. அந்த அளவில் நாடித் துடிப்பு சின்ன விஷயமில்லை. இன்னொரு குறை, கன்னம் சாயும் பலகை அசையாதது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்குச் செய்தது. என் கை சிறியது, முகம் சிறியதில்லை. தலையைக் கவிழ்த்து, புருவத்துக்கு அடியில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது குண்டில் 400க்கு 281. ஸ்பிரிங் ரைபிளில் 268 எடுத்திருந்தேன். பெரிய முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

வளர்ந்தவர்களில் சிறிய உடம்பு என்பது பிள்ளைகளின் உடம்பு அல்ல. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஜூன் மாதம் அலுமினியக் கட்டை ரைபிளுக்கு வந்தேன். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் ஆகிய ரைபிள் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் அலுமினிய மாடல்கள் உண்டு. தொடக்கநிலையில் ஹேமர்லி ஏஆர்20 போன்றவை பலரிடம் இருக்கின்றன. இவற்றில் நீளம், கன்னப்பலகை, பட் பிளேட், முன்கட்டை எல்லாவற்றையும் ஆலன் சாவியால் நகர்த்தலாம். கிளப்பில் இருந்த ஒன்றை ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் எனக்காகக் கழற்றி மாட்டினோம். அந்த மாலையை விரிவாகவே எழுத வேண்டும்.

முதலில் நீளம். பின்குழாயை முழுக்க உள்ளே தள்ளியும் 29.5 செ.மீ.யில் நின்றுவிட்டது. மீதி ஒரு சென்டிமீட்டரை டிரிகர் தந்தது. டிரிகர் நாக்கு ஒரு சிறு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். விரலின் முதல் கணு அதில் நேராகப் பட வேண்டும். நுனி மட்டும் பட்டால் இழுப்பு பக்கவாட்டில் போகும். பிறகு கன்னப்பலகை. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வை, கன்னத்தைச் சாய்த்துத் தளர்த்து, கண்ணைத் திற. சைட்டின் துளை கண்ணுக்கு நேரே இருந்தால் சரி. எனக்கு வலது ஓரத்தில் ஒரு பிறை நிழல் தெரிந்தது. பலகையை இடப்பக்கம் 3 மி.மீ. தள்ளினோம், பிறை மறைந்தது. கட்டை குறுகியதால் கண் சைட்டுக்கு மிக அருகில் வந்துவிட, பின்சைட்டையும் தண்டவாளத்தில் முன்னால் நகர்த்தினோம்.

அடுத்ததுதான் எனக்குக் கண் திறந்த இடம். நின்று சுடும்போது ரைபிளின் கனம் இடது முன்கை வழியாக இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். இடுப்பெலும்பில் இருந்து தாடை வரை உள்ள இடைவெளியை முன்கையும் முஷ்டியும் ரைபிளும் சேர்ந்து நிரப்புகின்றன. நின்ற நிலையில் எனக்கு அது 38 செ.மீ. முழங்கையில் இருந்து முஷ்டி உச்சி வரை 30. மீதி எட்டையும் ரைபிள்தான் தர வேண்டும். தராவிட்டால், கை குட்டையானவர் முழங்கையை இடுப்பில் இருந்து தூக்கிவிடுவார். அல்லது தலையைக் குனிவார். இரண்டையும் நான் இரண்டு மாதம் செய்திருக்கிறேன். முன்கட்டைக்கு அடியில் ஓர் உயர்த்தும் கட்டையைத் திருகினோம். குழலின் மையத்தில் இருந்து 12 செ.மீ. ஆழம் வரை விதி அனுமதிக்கிறது. எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்பதுதான் சரியான சொல், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இடது கைச் சதை தளர்ந்து தொங்கியது. வளையத்துக்குள் கறுப்பு வட்டம் அலைந்தது, ஆனால் மெதுவாக, ஊஞ்சல் போல.

எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஷூட்டிங் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. பருத்திச் சுடிதாரில் அளவு எடுத்திருந்தோம்! ஜாக்கெட்டின் தடித்த துணியும் தோளில் உள்ள ரப்பர் பட்டையும் சேர்ந்து என்னை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவிட்டன. முதல் வேலையிலிருந்து மறுபடி. எந்த அளவு எடுத்தாலும் ஜாக்கெட், காலணி, கையுறை எல்லாம் அணிந்துகொண்டே எடுங்கள்.

சொந்தமாக வாங்குவது என்று முடிவு செய்தபோது ஒருவர் பழைய ஐரோப்பிய ரைபிளை நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்னார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் பார்த்தேன். பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் கொடுப்பது பத்து ஆண்டுக் காலம். காலம் கடந்ததைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். எனக்கு அதைவிட, 200 பார் காற்றைக் கன்னத்துக்கு இரண்டு அடி தூரத்தில் வைத்துக்கொள்வது பெரிய கவலை. புதுச் சிலிண்டரின் விலையைக் கேட்டதும் அந்த நல்ல விலை நல்ல விலையாக இல்லை. விற்பவர் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்னும் எனக்கு வருத்தம்தான். ஜூலையில் வேறொரு அலுமினிய ரைபிளை, நான்கு ஆண்டு பழையதை, வாங்கினேன். கனம் 4 கிலோவுக்குச் சற்று மேல்.

அதில் ஒரு புதிய சிக்கல். பின்கட்டையை இவ்வளவு உள்ளே தள்ளியதால் பின்பக்கக் கனமும் உள்ளே வந்துவிட்டது. ரைபிள் முனை கவிழத் தொடங்கியது. முப்பது குண்டுக்கு மேல் குழல் இறங்கிக்கொண்டே போகும், கார்டில் ஆறு மணித் திசையில் எட்டும் ஏழும். முன்னால் இருப்பதைக் குறைக்க வழி தேடினேன். பயிற்சியாளர் பின்குழாயில் 150 கிராம் எடை ஒன்றை மாட்டச் சொன்னார். கனம் கூடிய ரைபிள் கையில் லேசாகத் தெரிந்தது. சமநிலைப் புள்ளி என் இடது கையை நோக்கி நகர்ந்ததுதான் காரணம். அன்று நாற்பது குண்டில் 334.

ஆகஸ்ட் 22 அன்று கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் நடந்த ஆசியத் துப்பாக்கி சுடுதல் சாம்பியன்ஷிப்பில் இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்தவர். இறுதிச் சுற்றின் தசமப் புள்ளிக் கணக்கில் 24 குண்டுக்கு 253.6, ஒரு குண்டுக்குச் சராசரி பத்தரைக்கும் மேல். அந்த வாரம் முழுவதும் அவர் நிற்கும் விதத்தைத்தான் படங்களில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது முழங்கை எங்கே இருக்கிறது, தலை எவ்வளவு நேராக இருக்கிறது என்று. பெண்களுக்கும் 2018 முதல் தகுதிச் சுற்றில் ஆண்களைப் போலவே 60 குண்டு, முன்பு 40. எழுபத்தைந்து நிமிடம் வரை நிற்க வேண்டும். பொருந்தாத ரைபிளோடு நாற்பதைச் சமாளித்துவிடலாம், அறுபதை முடியாது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல்முறையாக அறுபதையும் நிறுத்தாமல் சுட்டேன். 600க்கு 519. பத்துப் பத்தாகப் பிரித்தால் 88, 87, 89, 86, 87, 82. இடுப்பு வலிக்கவில்லை. கடைசிப் பத்தில் தளர்ந்தது வலது மணிக்கட்டு. பிஸ்டல் கிரிப் (வலது கை பிடிக்கும் பிடி) நடுத்தர அளவு, என் உள்ளங்கைக்குப் பெரியது. அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சிறிய அளவு மரக் கிரிப் கிடைக்க மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை இருப்பதையே தச்சர் ஒருவரிடம் கொடுத்து, கட்டைவிரல் உட்காரும் இடத்தில் 4 மி.மீ. இழைக்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார்.