பின்னங்காலைத் தூக்காதே!

நேற்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தூக்கினால் சின்னவள் வாயாலேயே விசில் அடிக்கிறாள்.

கால்பந்திலும் கையால் எறிவது உண்டு. பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் கையால் உள்ளே எறிவார்கள், அதுதான் த்ரோ-இன். பள்ளிக்கூட மேட்ச்சில் இவள் எறிந்த பந்தெல்லாம் விதி தப்பி, ஃபவுல் த்ரோ ஆகி எதிர் டீமுக்கே போனதாம். வீட்டில் பழகிவிட்டு வா என்று பி.டி. சார் அனுப்பிவிட்டார். பழக்கத்தான் எங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே! கால்பந்தைக் கடையில் விலை கேட்டபோது தொட்டதோடு சரி. ஆனால் மண்டியில் பெங்களூரா மாங்காய் கிரேட்டைத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் ஏற்றியவராயிற்றே. "எறியறதுல கத்துக்க என்ன இருக்கு?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக சாக்பீஸில் கோடு. ஒரு தடவை காலைத் தூக்கிவிட்டார், ஃபவுல். இன்னொரு தடவை பந்து நெற்றிக்கு முன்னாலிருந்தே கிளம்பிவிட்டது, அதுவும் ஃபவுல். முகம் மைதானத்தைப் பார்த்திருக்கணும். இரண்டு கையாலும் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறியணும். இரண்டு பாதமும் கோட்டிலோ கோட்டுக்கு வெளியிலோ தரையைத் தொட்டிருக்கணும். ஓடிவந்து எறிந்தால் பின்னங்காலைத் தூக்காமல் தரையில் இழுத்துக்கொண்டே வரணுமாம். சின்னவளின் வலது ஷூ முனை தேய்ந்து சாக்ஸ் எட்டிப் பார்ப்பது ஏனென்று அப்போதுதான் புரிந்தது. கடைக்காரரைப் போய் வீணாகத் திட்டிவிட்டு வந்தேன்.

"இவ்வளவு பாடுபட்டு நேரா கோலுக்குள்ள போட்டா?" என்று அத்தை கேட்டார்.

"கோல் கிடையாது பாட்டி. அவங்களுக்கு கோல் கிக். அவங்க கோல் பக்கத்துல பந்தை வச்சு உதைப்பாங்க."

"அப்புறம் என்னத்துக்குடி எறியணும்?"

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து டீம் 2018-ல் இதைச் சொல்லித்தரவே டென்மார்க்கிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தது என்று நான் சொன்னதும், "சம்பளமுமா குடுக்கறாங்க?" என்று அத்தை வெற்றிலையை மெல்வதையே நிறுத்திவிட்டார்.

ராத்திரி இவர் போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதே 2018 உலகக் கோப்பை, ஸ்பெயினோடு ஆட்டம், கடைசி நேரம். ஈரான் ஆட்டக்காரர் பந்துக்கு முத்தம் கொடுத்து, பந்தோடு ஒரு குட்டிக்கரணம் போட்டு எழுந்து, எறியாமலே பின்னால் போய், சாதாரணமாக எறிகிறார். அதைப் பார்க்கும்போது இவர் கண்ணில் வந்த வெளிச்சம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

நல்லவேளை, காலையில் கரணம் போடவில்லை. வில்லாக வளைந்து, காலை இழுத்து, விதி பிசகாமல் ஒரு எறி எறிந்தார். "சூப்பர்ப்பா!" என்று சின்னவள் குதித்தாள். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து மாடியில், மாங்காய் வற்றல் காயும் வேட்டிக்கு நடுவில் விழுந்தது. இவர் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

இப்போது தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. குப்பைத் தொட்டி தகராறில் அந்த அக்காவோடு நான் பேச்சை நிறுத்தி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பந்தைக் கேட்க நான்தான் போகணுமாம்.