கருத்த பிளக்கும் பிளஸ் 17-உம்: பழைய எஸ்யூவியில் மைலேஜ் தேடியது

வண்டி 3.0 லிட்டர் வி6 பெட்ரோல், 4 கியர் ஆட்டோமேட்டிக், தேவைப்பட்டால் மட்டும் போடும் நான்கு சக்கர இயக்கம். வயது 20-க்கு மேல், ஓட்டம் 2,30,000 கிமீ. குறை ஒன்றுதான்: பெட்ரோல் குடிக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை, ஐடிலிங்கில் நடுக்கம் இல்லை, இழுவையும் மோசமில்லை. இப்படிப்பட்ட வண்டியில்தான் பிளக், ஃபில்டர், சென்சார் என்று வரிசையாக மாற்றிவிட்டு மைலேஜ் அப்படியே நிற்பதைப் பார்க்க நேரிடும். அதனால் ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒவ்வொன்றுக்கும் பிறகு அளவு.

அளவை முதலில் சரிசெய்தது

ஃபுல் டேங்க் முறைதான். ஒரே பம்ப், ஒரே முனை, மெதுவாக நிரப்பி முதல் 'கிளிக்'கில் நிறுத்தம். கழுத்து வரை ஊற்றக்கூடாது. கூடுதல் பெட்ரோல் ஆவி சேகரிக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். குறைந்தது 350 கிமீ ஓட்டி மறுபடி நிரப்பிக் கணக்கு. ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரே வழியில் ஓடினாலும் டேங்குக்கு டேங்க் 3 சதவீதம் ஆடும். மூன்றின் சராசரிதான் கணக்கு.

அடுத்தது ஓடோமீட்டர். கம்பெனி டயர் 235/70 ஆர்16, விட்டம் 735 மிமீ. இப்போது இருப்பது 265/70 ஆர்16, விட்டம் 777 மிமீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 5.7 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 400 காட்டும்போது உண்மையில் 423 கிமீ. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டபோதும் இதே வித்தியாசம்தான். ஆக மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 6.2 என்று வந்தது நிஜத்தில் 6.6. பெரிய டயர் போட்ட வண்டிகளின் மைலேஜ் புலம்பலில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. மீதிப் பங்கு அந்த டயரின் எடையும் அகலமும். அதற்கு ஸ்பேனரில் மருந்து கிடையாது.

டயர் காற்று 26 பிஎஸ்ஐ இருந்தது, கதவோர ஸ்டிக்கரில் 32. நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அப்படிப் பார்த்தால் இங்கே நஷ்டம் 1 சதவீதம் சொச்சம்தான். குளிர்ந்த டயரில் சரிசெய்துவிட்டே அடிப்படை அளவு எடுக்கப்பட்டது.

ஏர் ஃபில்டர் அழுக்காகத்தான் இருந்தது, மாற்றியாயிற்று. ஆனால் அதிலிருந்து மைலேஜ் எதிர்பார்க்கவில்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்து எழுதியதும் இதுதான்: ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கும் இன்ஜெக்ஷன் வண்டியில், அடைத்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்காது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பேச்சே வேறு.

தெர்மோஸ்டாட்

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் முதலில் பார்க்க வேண்டியது கூலன்ட் வெப்பநிலை. டாஷ்போர்டு முள்ளை நம்பவே கூடாது. 70 டிகிரிக்கும் 100-க்கும் அது நடுவிலேயே நிற்கும்படிதான் பல வண்டிகளில் செய்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டியில் 86 டிகிரி. நேர்ச் சாலையில் 80 கிமீ வேகத்தில் 10 நிமிடம் போனதும் 71-க்கு இறங்கியது. ஓடும்போது இறங்கி நிற்கும்போது ஏறினால் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு, முழுதாக மூடவில்லை என்று அர்த்தம்.

சென்சார் பொய் சொல்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனது. பிறகு குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால், இரண்டாவது நிமிடத்திலேயே கதகதப்பு. மூடியிருந்தால் நெடுநேரம் குளிர்ந்தே இருந்திருக்கும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டின் ரப்பர் விளிம்பு பிய்ந்து, வால்வு 2 மிமீ திறந்தபடி நின்றது. புதியதை நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், தன் மேல் அச்சிட்ட 82 டிகிரியை ஒட்டித் திறந்தது. மாட்டும்போது காற்று வெளியேற்றும் சின்ன ஊசி மேல்பக்கம் வர வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி.

இன்ஜின் சூடேறாவிட்டால் ஈசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விடும். அதைவிடப் பெரிய இழப்பு கியர்பாக்ஸில். கூலன்ட் போதிய சூடு ஆகும்வரை டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைப்பது) வழுக்கலின்றி லாக் ஆகாதபடி பல ஆட்டோமேட்டிக்குகளில் வைத்திருப்பார்கள். சோதிக்க எளிய வழி உண்டு: ஆளில்லாச் சாலையில் 80-இல் சீராகப் போகும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும். லாக் ஆகியிருந்தால் அது விட்டு, ஆர்பிஎம் 200-300 துள்ளும். பழைய தெர்மோஸ்டாட்டோடு துள்ளவில்லை. புதியதோடு துள்ளியது.

மைலேஜ் 6.9.

பிரேக்

10 கிமீ ஓட்டி, கடைசியில் பிரேக் தொடாமல் உருண்டு நிற்கவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் டிஸ்க் சூடு: முன் இடது 64, முன் வலது 118. ஜாக்கியில் தூக்கினால் வலது சக்கரம் கையால் தள்ளி அரைச் சுற்றுகூட வரவில்லை. ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து பார்த்தும் சக்கரம் விடவில்லை. திறந்ததும் விட்டிருந்தால் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். விடவில்லை என்றால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரேதான்.

உள் பேட் 3 மிமீ, வெளிப் பேட் 7 மிமீ. கீழ் ஸ்லைடு பின் துருவில் இறுகியிருந்தது. துளையைப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, புதுப் பின், புது ரப்பர் உறை, சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸ். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிக்கொண்டு சில மாதத்தில் பழைய கதை திரும்பும். பேட் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றம். அடுத்த ஓட்டத்தில் டிஸ்க் சூடு 62, 65.

மைலேஜ் 7.3.

பேங்க் 2

சிக்கல் இங்கேதான் சுவாரசியமாகிறது. வி6-இல் மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் ஒரு பேங்க். ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும் சதவீதம்), சூடான இன்ஜின், ஐடிலிங்: பேங்க் 1-இல் பிளஸ் 3, பேங்க் 2-இல் பிளஸ் 17. 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 2, பிளஸ் 12. அதாவது பேங்க் 2-இல் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று ஆக்சிஜன் சென்சார் சொல்ல, ஈசியு 17 சதவீதம் கூடுதலாக ஊற்றுகிறது. பல ஈசியுக்களில் இது 20, 25-ஐத் தாண்டினால்தான் பிழைக் கோடு (code) விழும். விளக்கு எரியாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் பேங்க் 2-இன் மூன்று பிளக்கும் கரி பூசியதுபோல வறண்ட கறுப்பு. பேங்க் 1 பிளக்குகள் நல்ல இளம்பழுப்பு. லீனாக ஓடும் சிலிண்டரில் பிளக் வெளுத்திருக்க வேண்டும். சென்சார் லீன் என்கிறது, பிளக் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்கிறது. இரண்டில் ஒன்று பொய். பிளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். இன்டேக்கில் காற்று கசிந்து நிஜமாகவே லீன் ஆனால், ஈசியு கூட்டும் பெட்ரோல் கலவையைச் சரியான அளவுக்குத்தான் கொண்டுவரும். மைலேஜ் பெரிதாக விழாது. சென்சார் தவறாக லீன் என்று படித்தால்தான் கூட்டியதெல்லாம் வீண். பிளஸ் எண்ணைக் கண்டதும் வேக்வம் ஹோஸைத் தேடி ஓடுவது பாதி நேரம் தவறான திசை.

காற்று அளக்கும் மாஃப் சென்சார் குறை என்றால் இரண்டு பேங்கும் சேர்ந்து ஏறியிருக்கும். ஐடிலிங்கில் விநாடிக்கு 3.1 கிராம், 3 லிட்டர் இன்ஜினுக்கு அது பொருத்தம்தான். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை எரியாமல் போவது) எண்ணிக்கை பூஜ்யம். மிஸ்ஃபயரும் எரியாத ஆக்சிஜனை அனுப்பி லீன் என்று காட்ட வைக்கும், அதனால் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பேங்க் சென்சாரும் ஒரே வகை என்பதால் இடம் மாற்றிப் போட்டதில் பிளஸ் 17 பேங்க் 2-இலேயே நின்றது. சென்சார் நிரபராதி.

மிச்சம் ஒன்றுதான்: சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. வாயு துடிப்பு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும்போது, ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்த ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்க்கிறது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலி வந்து, சூடானதும் இரும்பு விரிந்து அடங்கிவிடும். ஒலி அடங்கினால் கசிவும் முழுதாக அடங்கியது என்று அர்த்தமில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வாக்வம் கிளீனரின் காற்று தள்ளும் பக்கத்தைத் துணி சுற்றி சைலன்ஸர் வாலில் செருகி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தாயிற்று. பேங்க் 2-இன் கடைசி சிலிண்டர் ஓரம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (புகை சேரும் குழாய்) சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் கொப்புளம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. மேனிஃபோல்டைப் பிடிக்கும் பின்பக்க ஸ்டட் (மரைக் கம்பி) முறிந்திருந்தது.

துரு இளக்கி அடித்து ஒரு ராத்திரி விட்டு, நீட்டிக்கொண்டிருந்த துண்டில் ஒரு நட்டை வெல்டு செய்து, அந்தச் சூட்டிலேயே திருப்பினால் வந்துவிட்டது. மேனிஃபோல்டு முகத்தில் நேர்ச்சட்டம் வைத்தால் ஒரு முனையில் 0.5 மிமீ ஃபீலர் கேஜ் நுழைந்தது. லேத்தில் முகம் சீவாமல் புது கேஸ்கட் போட்டிருந்தால் அதுவும் ஊதியிருக்கும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட், எல்லா ஸ்டட்டும் புதிது, நடுவிலிருந்து வெளியே இரண்டு சுற்றாக இறுக்கம். சிலிக்கான் பசை துளியும் கூடாது; அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கொன்றுவிடும். இரண்டு முறை சூடாகி ஆறியபின் மறுபடி நட்டுகளின் இறுக்கம் சரிபார்ப்பு.

ஈசியு நினைவை அழித்து 100 கிமீ ஓட்டியபின் பேங்க் 2 ட்ரிம் பிளஸ் 2. பாதி இன்ஜினில் 15 சதவீத வீணென்றால் மொத்தத்தில் 7 சொச்சம் மிச்சமாக வேண்டும். மூன்று டேங்க் சராசரி 7.9 வந்தது, 8 சதவீதம். கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் டேங்க் ஆட்டத்துக்குள் அடங்கும்.

1,500 கிமீக்குப் பின் பேங்க் 2-இன் கடைசி பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில், பீங்கானின் நுனி பழுப்பாகிவிட்டது. உள்ளே அடியில் மட்டும் பழைய கரி ஒரு வளையமாக மிச்சமிருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் போடாதபோது முன் சக்கர ஹப் முழுதாக விடுபடுகிறதா என்று தூக்கிச் சுற்றிப் பார்ப்பது பாக்கி. அது வரைக்கும் கூரைக் கேரியரைக் கழற்றி வைத்தாயிற்று.