மெசேஜ் என் போனுக்கு மாறிய பிறகு

மகளுக்கு ஐந்து வயதில் இடது கண் ‘சோம்பேறிக் கண்’ என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலது கண் நன்றாகத் தெரிவதால் மூளை இடது கண்ணைக் கண்டுகொள்வதே இல்லையாம். கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் பேட்ச் ஒட்டி மூட வேண்டும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

அப்படியும் இரண்டாவது பரிசோதனைத் தேதியையே தவறவிட்டோம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். சீட்டு பீரோவில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நினைவூட்டும் மெசேஜ் வந்துதான் இருக்கிறது, ஆனால் என் வீட்டுக்காரர் நம்பருக்கு. அவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். ஆங்கிலத்தில் வந்த அது ரீசார்ஜ் விளம்பரங்களோடு போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துப் பயந்துகொண்டே போனேன். சிஸ்டர் திட்டவில்லை. “பாப்பாவைக் கூட்டிட்டு வர்றது யாரும்மா? அவங்க நம்பரைக் குடுங்க. தமிழ்லயே அனுப்பச் சொல்றேன்” என்றார். ஐந்து நிமிட வேலை.

ஆனால் என் பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வந்தது. நாத்தனார் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஸ்மார்ட் போனில் சிம்மைப் போட்டோம். அப்புறம்தான் படிக்க முடிந்தது: நாளை மறுநாள் காலை பரிசோதனை, கண்ணாடியை எடுத்து வரவும்.

அந்த இரண்டு நாள்தான் எனக்குப் பெரிய உதவி. நான் பீடி சுற்றுகிறேன். முந்தின இரவே கூடுதலாகச் சுற்றி வைத்துவிடலாம். பஸ் காசைத் தனியாக எடுத்து வைக்கலாம். டீச்சரிடமும் சொல்லிவிடலாம், ஏனென்றால் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கண்மணி விரிந்து, அன்றைக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வீட்டுப்பாடம் எழுத முடியாது. வெயிலும் கூசும். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முந்தானைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகு ஒரு தேதியும் தவறவில்லை. போன வாரம் வலது கண்ணை மூடிக்கொண்டு, போர்டில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தாள். அந்த வரியில் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லி, தானே திருத்திக்கொண்டாள்.