சாம்பாரில் விழுந்த உப்பு

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் எங்கள் கோயில் அன்னதானம். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. இரண்டாவது முறை போட்டது நான்.

குழுத் தலைவர் ரப்பர்த் தோட்டத்தில் முன்னாள் மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்த்தவர். உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றிச் சுவைத்தார். "யார் போட்டது?" என்று கேட்கவே இல்லை. "தம்பி, இன்னும் ஒரு படி பருப்பு வேகட்டும். நீ உருளைக்கிழங்கை நறுக்கு" என்றார். பசியோடு வரிசையில் நின்றவர்களிடம் போய், "தாமதம் என்னால்தான்" என்று கைகூப்பினார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

பால்மரக் காலத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, முதல் ஆளாக நிற்பாராம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தத் தாய்க்கு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மர நிரையைக் கொடுப்பாராம். அம்மா சொன்னார்.

இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதைத் தடுக்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றாடக் கூலிக்காரர்கள் நம்பிப் பணம் கட்டினார்கள். அந்த நம்பிக்கையை எந்தப் பயிற்சி வகுப்பில் கற்றுத் தருகிறார்கள்? நானும் இரண்டு வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். கிடைத்தது சான்றிதழும் கறிபாப் பலகாரமும்தான்.

எல்லோரும் போன பிறகு பெரியவர் அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் நாரை வாங்கப் போனேன். தரவில்லை. "அங்கே இன்னொரு அண்டா இருக்கிறது" என்றார்.