வடக்கு ஜன்னலும் முடிப்பாசியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், உஷாக்கா மரைன் வேர்ல்டில், உடைந்த கப்பல் மாதிரி கட்டியிருக்கும் மீன் காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்த அன்று என் மகள் கேட்டது ஒரே ஒரு கோமாளி மீன். அந்த ஆசை 180 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டியாக வீடு வந்து சேர்ந்தது. நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்கார ஆயா. இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் பழகிக்கொண்டோம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைப்பு. நேரடி வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று தெரியும். அதனால் வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி வைத்தேன். மதுரையில் எங்கள் வீட்டில் வடக்கு அறைதான் குளுகுளு என்று இருக்கும். அப்போது மார்ச் மாதம். வெயில் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் ஐந்து வாரம் மீன் கிடையாது, லைவ் ராக் என்கிற, நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பாறையும் மணலும் மட்டும். மீன் கழிவைச் சிதைக்கும் அந்தப் பாக்டீரியா பெருகும்வரை காத்திருக்க வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கியது, நைட்ரைட் ஏறி இறங்கியது, நைட்ரேட் மிஞ்சியது. நடுவில் மணல்மேல் காபிப்பொடி தூவியது போல டயட்டம் என்கிற பழுப்புப் பாசி வந்தது. புதுத் தொட்டிக்கு அது அம்மை போட்ட மாதிரி. தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிகேட் தீர்ந்ததும் தானே போய்விடும். போனது.

மே கடைசியில் வந்ததுதான் வில்லன். பாறை முழுக்கப் பச்சை முடி, விரல் நீளத்துக்கு. நீரோட்டத்தில் அலைந்து ஆடும்போது பார்க்க அழகாகக்கூட இருந்தது. டூத்பிரஷ்ஷைச் சுழற்றினால் நூடுல்ஸ் மாதிரி சுற்றிக்கொண்டு வரும். வெளியே எடுத்தால் காயாத மீன்வலை நாற்றம். ஞாயிறு பிடுங்கினால் வியாழனுக்குள் மறுபடி முளைத்துவிடும். பாசியைத் தின்ன நத்தை விட்டேன். நான்கு டர்போ நத்தைகளில் ஒன்று தினமும் மல்லாந்து விழும், நிமிர்த்திவிடுவதே ஒரு வேலை.

என்னைக் குழப்பியது பாஸ்பேட் டெஸ்ட். பாசிக்கு உணவே பாஸ்பேட்தான். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் பூஜ்ஜியம். உணவே இல்லாமல் இது எப்படி வளர்கிறது? விடை புரிய ஒரு வாரம் ஆனது. தண்ணீரில் இருப்பதைத்தான் டெஸ்ட் காட்டும். பாசியின் வயிற்றுக்குள் போனதைக் காட்டாது. பாஸ்பேட் வந்த உடனே பாசி தின்றுவிடுகிறது. சரி, வரவு எங்கிருந்து?

ஒன்று, மீன் உணவு. உறைந்த இறால் கட்டியை அப்படியே உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். உருகிய சாற்றில் பாஸ்பேட் இருக்கும். டீ வடிகட்டியில் அலசிப் போட ஆரம்பித்தேன். இன்னொன்று, ஆர்.ஓ. தண்ணீர் என்று நம்பிக் கேன் கேனாக வாங்கியது. சந்தேகத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி நனைத்தால் 46 காட்டியது. பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டியது. கடைக்காரர் ஃபில்டர் மாற்றி எத்தனை காலமோ. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய கருவி அந்த மீட்டர். நான் அந்தக் காசில் முதலில் நீல விளக்கு வாங்கியிருந்தேன். கடைசியில் சின்ன ஆர்.ஓ. ஃபில்டர் ஒன்றை வீட்டிலேயே மாட்டினேன்.

இத்தனை செய்தும் இடது பக்கம் மட்டும் அடங்கவில்லை. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, வாடகை கொடுத்து ரசீது வாங்க ஆயாவை மேலே கூப்பிட்டிருந்தோம். மணி பதினொன்று. ஆயா தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெயில்ல வெச்சிருக்கியே தம்பி. குளிர்காலத்துல சூரியன் இந்தப் பக்கந்தான் உள்ள வரும்.”

திரும்பிப் பார்த்தால் ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் தொட்டியின் இடது பாதியில் பளீரென்று விழுந்திருக்கிறது. வார நாளில் அந்த நேரம் நான் ஆபீஸில். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறது. இங்கே நடுப்பகல் சூரியன் வடக்கில்தான் நிற்கும். ஜூனில் நன்றாகத் தாழ்ந்துவிடும். மார்ச்சில் கூரை மறைத்த வெயில் ஜூனில் கூரைக்கு அடியில் நுழைந்துவிட்டது. ஊரை விட்டு வந்து இரண்டு வருஷம், திசை மட்டும் இன்னும் மதுரையிலேயே இருந்திருக்கிறது.

அன்றே இடது கண்ணாடியில் கறுப்புச் சார்ட் ஒட்டி, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன். தினமும் விளக்கு எரியும் நேரத்தை 11 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாக டைமரில் குறைத்தேன். சைஃபன் குழாயோடு டூத்பிரஷ்ஷைக் கட்டி, பிடுங்கப் பிடுங்க உறிஞ்சி எடுத்து, வாரம் 25 லிட்டர் புதுத் தண்ணீர் மாற்றினேன். மூன்றாவது வாரம் பாசி வெளுத்துப் பிய்ந்து வந்தது. அப்போது பாஸ்பேட் 0.08 காட்டியது. எண் ஏறியதற்குச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். தின்ன ஆள் குறைந்தால்தானே மிச்சம் தெரியும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள் பையை அப்புறம்தான் போட்டேன், அதுவும் பாதி அளவு. பாஸ்பேட்டையும் நைட்ரேட்டையும் சுத்தமாகத் துடைத்துவிட்டால் டைனோ என்கிற சளி மாதிரி ஒன்று இடம் பிடித்துவிடும், முடிப்பாசியே தேவலை என்று ஆகிவிடும்.

ஆகஸ்டில் பாறையில் ஊதா நிறப் பவழப்பாசி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அது நல்ல பாசி, விட்டுவிட்டேன்.

புரட்டாசி பிறந்தது. ஆயா வீட்டில் மாதம் முழுக்க மீனும் கறியும் கிடையாது. மேலே வந்தவர் வடிகட்டியில் இறால் அலசுவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “புரட்டாசியிலயும் இதுங்களுக்கு இறால்தானா?”