டங்ஸ்டன் எலெக்ட்ரானை எப்போ கொடுக்கும், எப்போ வாங்கும்

ஹீலியம் அயனி ஒண்ணு, அதாவது ஒரு எலெக்ட்ரானை இழந்த ஹீலியம் அணு, மெதுவா டங்ஸ்டன்ங்கிற மெட்டலோட பரப்பை நோக்கி வருதுன்னு வைங்க. போய் முட்டி திரும்பி வரும்னுதான் பொதுவா நினைப்போம், ஆனா அது தொடுறதுக்கு முன்னாடியே, சில ஆங்ஸ்ட்ராம் தூரத்துல, அதாவது ஒரு சில அணு அகல தூரத்துல இருக்கும்போதே, மெட்டல்ல இருந்து ஒரு எலெக்ட்ரான் தாவிப் போய் அந்த அயனியை சாதா அணுவா ஆக்கிடுது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அடுத்ததுதான். தாவின எலெக்ட்ரானால மிச்சமாகுற எனர்ஜி பெரும்பாலும் வெளிச்சமா போறதில்ல, மெட்டலுக்குள்ளயே இருக்கிற இன்னொரு எலெக்ட்ரான் கைக்குப் போகுது, அது அந்த வேகத்துல வெளிய பாயுது.

கணக்கும் சிம்பிள்தான். ஹீலியத்தோட அயனியாக்க ஆற்றல், அதாவது அணுவுல இருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க ஆகுற எனர்ஜி, 24.6 எலெக்ட்ரான்வோல்ட் (அணு அளவுல எனர்ஜியை அளக்குற அலகு), டங்ஸ்டன்ல இருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க சுமார் 4.5 வேணும், இதுல ரெண்டு எலெக்ட்ரான் சம்பந்தப்பட்டிருக்கு, அதனால ரெண்டு தடவை கழிங்க, அதிகபட்சம் 15.6 மிஞ்சுது. அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஹோமர் ஹாக்ஸ்ட்ரம்ங்கிற இயற்பியலாளர் 1950கள்ல இதை ரொம்ப சுத்தமான பரப்புகள்ல அளந்து காட்டினாரு, டங்ஸ்டன்ல பத்து மெதுவான ஹீலியம் அயனி போய் விழுந்தா கிட்டத்தட்ட மூணு எலெக்ட்ரான் வெளிய வரும்.

இப்போ அதே டங்ஸ்டனை நல்லா சூடாக்கி பக்கத்துல சீசியம் ஆவியை விடுங்க, கதை அப்படியே தலைகீழ். சீசியத்துக்கு அயனியாக்க ஆற்றல் 3.89 தான், 4.5ஐ விடக் கம்மி, அதனால இந்தத் தடவை மெட்டல் எலெக்ட்ரானை வாங்கிக்குது, சீசியம் அயனியா கிளம்பிப் போகுது. லாங்மியூர், கிங்டன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1923லயே இதைப் பார்த்துட்டாங்க. இதை நம்பி, அயனிகளைப் பின்னாடி வீசி முன்னாடி போற ராக்கெட் இன்ஜினே கட்டினாங்க, 1964ல நாசா அனுப்பின செர்ட் 1ங்கிற சோதனை விண்கலத்துல ஒரு சீசியம் இன்ஜின் இருந்துச்சு, ஷார்ட் ஆனதால அது ஓடல, கூடப் போன பாதரச இன்ஜின்தான் ஓடிச்சு. சீசியம் இன்ஜின் ஓடலன்னாலும் அந்த ஐடியா எனக்கு இன்னைக்கும் அழகாத்தான் தெரியுது.

இதெல்லாம் லேப் சமாச்சாரம்னு தள்ளி வைக்காதீங்க. எலெக்ட்ரீஷியன் பாக்கெட்ல இருக்கிற லைன் டெஸ்டரைப் பாருங்க, உள்ள இருக்கிற குட்டி நியான் பல்புல சூடாகுற ஃபிலமென்ட் கிடையாது, ஆனா எலெக்ட்ரான் வந்துட்டே இருக்கணும். எங்க இருந்து வருது? நியான் அயனிங்க குளிர்ந்த மெட்டல் கம்பியை நெருங்கும்போது இதே மாதிரிதான் எலெக்ட்ரானைக் கிளப்புது, நியானுக்கு 21.6, தாராளமா போதும். அதனாலதான் டிசி கரண்ட்ல நியான் பல்பைப் போட்டா நெகட்டிவ் பக்கக் கம்பியைச் சுத்தி மட்டும் ஆரஞ்சு ஒளி ஒட்டி நிக்கும், வீட்டு ஏசி லைன்ல ரெண்டு கம்பியிலயும் எரியுற மாதிரி தெரியும்.